ஜெர்மனில ஜனநாயகம் எப்படி சர்வாதிகாரம் ஆச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கூல்ல படிச்சதுல நமக்கு ஞாபகம் இருக்கறது கொஞ்சம்தான், வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை, பயங்கர விலைவாசி, அப்புறம் ஹிட்லர் வந்துட்டான். நடுவுல 14 வருஷம் அங்க ஒரு குடியரசு நடந்துச்சு, தேர்தல் இருந்துச்சு, பத்திரிகை இருந்துச்சு, கோர்ட் இருந்துச்சு, அதெல்லாம் எங்க போச்சுன்னு யாரும் நமக்கு சொல்லித் தரல. இந்த விஷயத்த பேச ஆரம்பிச்சாலே என்கிட்ட கேக்கற கேள்விகள் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கு, அதனால மொத்தமா ஒரே இடத்துல பதில் எழுதி வைக்கறேன்.

கேள்வி: ஹிட்லர் தேர்தல்ல ஜெயிச்சுத்தானே ஆட்சிக்கு வந்தான்? மக்கள்தானே ஓட்டு போட்டாங்க?

இல்லங்க. இத முதல்ல தெளிவு பண்ணிடணும், ஏன்னா இங்க தப்பா புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாமே தப்பா போயிடும். சுதந்திரமா நடந்த எந்தத் தேர்தல்லயும் நாஜி கட்சிக்கு மெஜாரிட்டி கிடைச்சதே இல்ல. அவங்களுக்கு உச்சம்னா அது 1932 ஜூலை, அப்ப 37 சதவீதம், 608 சீட்ல 230. அதே வருஷம் நவம்பர்ல மறுபடி தேர்தல் வந்துச்சு, அதுல 33 சதவீதத்துக்கு இறங்கிட்டாங்க, 20 லட்சம் ஓட்டு போச்சு, கட்சி கஜானா காலி, தலைவர்களுக்குள்ள சண்டை. ஜனாதிபதி தேர்தல்ல ஹிட்லர் நேரடியா நின்னான், 1932 ஏப்ரல்ல ரெண்டாவது ரவுண்டுல, ஏற்கனவே ஜனாதிபதியா இருந்த ஹிண்டன்பர்க் 53 சதவீதம் வாங்க, இவனுக்கு கிடைச்சது 37தான், தோத்துப்போனான்.

அதாவது கட்சி சரிஞ்சுக்கிட்டு இருந்த நேரத்துல, நவம்பர் தோல்விக்கு மூணு மாசம் கூட ஆகல, 1933 ஜனவரி 30ந்தேதி அவன சான்சலர் நாற்காலில, அதாவது நம்ம பிரதமர் மாதிரி பதவியில, உக்கார வச்சாங்க. உக்கார வச்சது ஒரு சின்ன கூட்டம், அவங்க எல்லாம் படிச்சவங்க, பெரிய குடும்பத்துக்காரங்க, அதிகாரத்துல பழம் தின்னு கொட்ட போட்டவங்க. ஆனா மூணுல ஒருத்தர் ஓட்டு போட்டதும் உண்மைதான், அந்த ஓட்டு இல்லன்னா அந்த கூட்டம் இவன திரும்பிக்கூட பாத்திருக்காது. ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்.

கேள்வி: வைமர் குடியரசுன்னு சொல்றாங்களே, அது என்ன?

முதல் உலகப்போர்ல தோத்து, 1918 நவம்பர்ல மன்னர் ஓடிப்போன பிறகு உருவான குடியரசு. பெர்லின்ல ஒரே துப்பாக்கிச் சண்டையா இருந்ததால வைமர்னு ஒரு சின்ன ஊர்ல கூடி அரசியல் சாசனம் எழுதினாங்க, அதனால அந்தப் பேரு. 1919 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு. அந்தக் காலத்துக்கு ரொம்ப முன்னேறின சாசனம், பெண்களுக்கு ஓட்டு, பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, சங்கம் வைக்கற உரிமை எல்லாம் அதுல இருந்துச்சு. இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, காகிதத்துல நல்ல சாசனம் இருந்தும்தான் இது நடந்துச்சு.

கேள்வி: எல்லாத்துக்கும் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைதான் காரணமா?

காரணத்துல ஒண்ணு. நிலம் போச்சு, ராணுவம் ஒரு லட்சம் பேருக்கு மேல இருக்கக்கூடாதுன்னாங்க, போருக்கு பொறுப்பு நீதான்னு எழுதி கையெழுத்து வாங்கினாங்க, 1921ல 13,200 கோடி தங்க மார்க் நஷ்டஈடுன்னு கணக்கு போட்டாங்க. இடதுசாரியிலேருந்து வலதுசாரி வரைக்கும் எல்லாருக்கும் அதுல கோபம்தான்.

ஆனா என்ன கேட்டா அந்த உடன்படிக்கைய விட அதச் சுத்தி கட்டின பொய்தான் பெரிய விஷம். 1918 செப்டம்பர் கடைசில, போர் தோத்தாச்சு, உடனே சண்டைய நிறுத்தணும்னு கேட்டது ராணுவத் தலைமையே, லூடன்டார்ஃப். கேட்டுட்டு, பேச்சுவார்த்தைக்கு போற வேலைய சிவிலியன் அரசியல்வாதிங்க தலையில கட்டிட்டாங்க. எர்ஸ்பெர்கர்னு ஒரு கத்தோலிக்க கட்சித் தலைவர் பிரான்ஸ்ல ஒரு ரயில் பெட்டியில உக்காந்து போர்நிறுத்தத்துல கையெழுத்து போட்டார். அடுத்த வருஷமே, போர்ல தளபதியா இருந்த ஹிண்டன்பர்க், ஒரு விசாரணைக் கமிட்டி முன்னாடி வந்து, ராணுவம் தோக்கல, முதுகுல குத்திட்டாங்கன்னு சொல்றார். ஊர் முழுக்க அது பரவுது. 1921 ஆகஸ்ட்ல எர்ஸ்பெர்கர் காட்டுப் பக்கம் வாக்கிங் போயிட்டிருந்தப்ப சுட்டுக் கொன்னுட்டாங்க. அடுத்த வருஷம் வெளியுறவு மந்திரி ராதெனாவ், அவர் யூதர், கார்ல ஆபீஸ் போற வழியில கொன்னாங்க. தோல்விக்கு காரணமானவன் நல்லா இருக்கான், கையெழுத்து போட்டவன் துரோகி ஆயிட்டான். குடியரசு பிறந்ததுலேருந்தே துரோகிங்களோட ஆட்சின்னு கணிசமான பேர் மனசுல பதிஞ்சிடுச்சு.

கேள்வி: கூடை நிறைய பணம் கொண்டு போய் ஒரு ரொட்டி வாங்கினாங்களாமே, அதனாலதானே ஹிட்லர் வந்தான்?

இந்தக் கேள்வி வராத நாளே இல்ல. அந்தப் பணவீக்கம் நிஜம், 1923 நவம்பர்ல ஒரு டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க். காலம்பூரா சேத்து வச்ச பணம், பென்ஷன், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு தபால் தலைக்கு கூட பத்தாம போச்சு, நடுத்தரக் குடும்பங்க அந்த அடிய மறக்கவே இல்ல.

ஆனா வருஷத்த கவனிங்க. அது 1923. அந்த நவம்பர்லதான் ஹிட்லர் மியூனிக்ல ஆட்சியப் பிடிக்கப் பாத்து மண்ணக் கவ்வினான். அதுக்கப்புறம் புது கரன்சி வந்து, அமெரிக்கக் கடன் வந்து நாடு ஓரளவு நிமிர்ந்துச்சு. 1928 தேர்தல்ல நாஜிகளுக்கு கிடைச்சது வெறும் 2.6 சதவீதம், 12 சீட். பணவீக்கம்தான் நேரடிக் காரணம்னா இந்தக் கணக்கு எப்படி வரும்?

அவன மேல தூக்கி விட்டது 1929க்கு அப்புறம் வந்த மந்தம். அமெரிக்காவுல பங்குச்சந்தை விழுந்ததும் கடன் குடுத்தவங்க திருப்பிக் கேக்க ஆரம்பிச்சாங்க, கம்பெனிகள் மூடினாங்க, 1931 ஜூலைல பெரிய பேங்க் ஒண்ணு படுத்துச்சு, 1932 ஆரம்பத்துல வேலையில்லாதவங்க கணக்கு 60 லட்சத்த தாண்டிடுச்சு. அப்ப விலைவாசி ஏறல, இறங்கிச்சு, அதோட கூலியும் இறங்கிச்சு. அந்த நேரத்துல சான்சலரா இருந்த ப்ரூனிங், செலவ வெட்டு, சம்பளத்த வெட்டு, வரிய ஏத்துன்னு போனார், ஜனங்க அவர பட்டினி சான்சலர்னு கூப்பிட்டாங்க. 1923 பயம் மனசுல இருந்ததாலதான் பணத்த அச்சடிச்சு செலவு பண்ண யாருக்கும் தைரியம் வரலன்னு ஒரு வாதம் இருக்கு, அதுல நியாயம் உண்டு, அந்த வழியில பழைய பணவீக்கத்துக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு.

கேள்வி: 48வது பிரிவுன்னா என்ன? அதுதான் ஓட்டைன்னு சொல்றாங்களே?

டிஎன்பிஎஸ்சிக்கு படிச்சவங்களுக்கு ஒரு வரி மனப்பாடமா இருக்கும், நம்ம சாசனத்துல அவசரநிலையில அடிப்படை உரிமைகள நிறுத்தி வைக்கறது ஜெர்மனியின் வைமர் சாசனத்துலேருந்து எடுத்ததுன்னு. அந்த வரிக்குப் பின்னாடி இருக்கற பிரிவு இதுதான். பொது அமைதிக்கு ஆபத்துன்னா ஜனாதிபதி அவசர ஆணை போடலாம், ராணுவத்த இறக்கலாம், சில அடிப்படை உரிமைகள நிறுத்தி வைக்கலாம். பார்லிமென்ட் வேணாம்னு சொன்னா அந்த ஆணைய வாபஸ் வாங்கணும், அது ஒரு பூட்டு. ஆனா 25வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஜனாதிபதி பார்லிமென்ட்டயே கலைக்கலாம். ரெண்டையும் சேத்துப் பாருங்க, நீ என் ஆணைய ரத்து பண்ணா நான் உன்னையே கலைச்சிடுவேன். பூட்டும் அவர்கிட்ட, சாவியும் அவர்கிட்ட.

முதல் ஜனாதிபதி ஏபெர்ட் இந்தப் பிரிவ நூறு தடவைக்கு மேல பயன்படுத்தியிருக்கார், பெரும்பாலும் குடியரசக் காப்பாத்தறதுக்கு. நல்லவர் கையில இருந்தப்ப யாருக்கும் உறுத்தல. 1925ல அவர் செத்துப் போனதும் அந்த நாற்காலிக்கு வந்தது ஹிண்டன்பர்க், மன்னராட்சி ஆளு, போர்க்கால தளபதி, முதுகுல குத்திட்டாங்கன்னு சொன்ன அதே மனுஷன்.

கேள்வி: அப்ப சரியா எந்த நாள்ல ஜனநாயகம் போச்சு?

எல்லாரும் 1933 ஜனவரி 30ன்னு சொல்வாங்க. நான் 1930 மார்ச் 27ன்னு சொல்வேன். அன்னிக்கு சான்சலர் ஹெர்மன் முல்லரோட கூட்டணி அரசாங்கம் கவுந்துச்சு. காரணம் என்ன தெரியுமா, வேலையில்லாதவங்க இன்சூரன்ஸுக்கு சம்பளத்துல பிடிக்கற தொகைய 3.5 சதவீதத்துலேருந்து 4 ஆக்கலாமா வேணாமாங்கறது. ஒரு பக்கம் தொழிலாளர் கட்சியான சோசியல் டெமாக்ரட், ஒரு பக்கம் முதலாளிங்க ஆதரவு கட்சி, ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல. பார்லிமென்ட் மெஜாரிட்டியோட நடந்த கடைசி அரசாங்கம் அதுதான். அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல, அரை சதவீதத்துக்கு.

அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் ஜனாதிபதி கையெழுத்த நம்பி ஆண்டவங்க. ப்ரூனிங் கொண்டு வந்த வரவு செலவு ஆணைய 1930 ஜூலைல பார்லிமென்ட் தள்ளுச்சு, உடனே கலைச்சாங்க, அந்த அவசரத் தேர்தல்லதான் நாஜிகள் 12 சீட்லேருந்து 107 சீட்டுக்கு போனாங்க. 1932 மொத்தத்துலயும் பார்லிமென்ட் நிறைவேத்தின சட்டம் 5, அவசர ஆணையோ 60க்கு குறையாது. மேலேருந்து உத்தரவு வரும், கீழ இருக்கறவங்க கேக்கணும்னு ஒரு நாடு மூணு வருஷம் பழகிடுச்சு.

கேள்வி: அந்த 37 சதவீதம் யாரு? வேலையில்லாதவங்களா?

பெரும்பாலும் இல்ல. வேலை போன தொழிலாளிங்க அதிகமா கம்யூனிஸ்ட் பக்கம் போனாங்க. நாஜிகளுக்கு குமிஞ்சு விழுந்தது புராட்டஸ்டன்ட் கிராமங்கள், சின்ன டவுன், கடை வச்சிருக்கறவங்க, விவசாயிங்க, கிளார்க் வேலைக்காரங்க, அவங்களோட தொழிலாளிங்கள்லயும் ஒரு பகுதி. ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாதிரி வடக்கு விவசாயப் பகுதியில 1932 ஜூலைல பாதிக்கு மேல விழுந்துச்சு. கத்தோலிக்கர் பகுதியில ரொம்பக் கம்மி, ஏன்னா அவங்களுக்குன்னு சென்டர் கட்சி இருந்துச்சு, சர்ச் இருந்துச்சு, பாதிரியார் வேணாம்னு சொன்னார்.

இன்னொரு ஆள விட்டுடக் கூடாது, ஹூகன்பர்க். பத்திரிகை, செய்தி ஏஜென்சி, சினிமா கம்பெனின்னு ஒரு சாம்ராஜ்யமே வச்சிருந்தவர், ஒரு வலதுசாரி கட்சியோட தலைவரும் அவரே. 1929ல நஷ்டஈட்டுக்கு எதிரா ஒரு பொது வாக்கெடுப்புக்கு ஹிட்லர பக்கத்துல சேத்துக்கிட்டார். வாக்கெடுப்பு படுதோல்வி, 14 சதவீதம் கூட தேறல. ஆனா அதுவரைக்கும் மியூனிக் பீர் ஹால்ல கத்திக்கிட்டிருந்தவன கௌரவமான மனுஷங்க வரிசையில உக்கார வச்சு நாடு முழுக்க காட்டினது அந்த ஏற்பாடு.

கேள்வி: கோர்ட் ஏதும் பண்ணலையா?

நீதிபதிங்க பெரும்பாலும் மன்னர் காலத்துல நியமிச்சவங்க, குடியரசு வந்தும் யாரையும் மாத்தல. கும்பெல்னு ஒரு கணித அறிஞர் உக்காந்து அரசியல் கொலைகள எண்ணினார், 1919லேருந்து 1922 வரைக்கும். இடதுசாரிங்க செஞ்சது 22, வலதுசாரிங்க செஞ்சது 354. அந்த 354ல பெரும்பாலான கொலைக்கு தண்டனையே இல்ல.

ஹிட்லர் வழக்கையே எடுத்துக்குங்க. 1923ல துப்பாக்கியோட ஆட்சியப் பிடிக்கப் போனான், நாலு போலீஸ்காரங்க செத்தாங்க, தேசத்துரோகத்துக்கு அஞ்சு வருஷம் தீர்ப்பு. 1924 டிசம்பருக்குள்ள, தீர்ப்பு வந்து ஒன்பது மாசம் கூட முடியாம வெளிய வந்துட்டான். அவன் ஆஸ்திரியாக்காரன், சட்டப்படி நாடு கடத்தியிருக்கணும், ஆனா இவ்ளோ ஜெர்மன் உணர்வு உள்ளவனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அந்த ஒரு உத்தரவு ஒழுங்கா போட்டிருந்தா போதும். ஜெர்மன் குடியுரிமையே அவனுக்கு 1932 பிப்ரவரிலதான் கிடைச்சுது, ஜனாதிபதி தேர்தல்ல நிக்கறதுக்காக, பிரவுன்ஷ்வைக் மாநிலத்துல பேருக்கு ஒரு அரசு வேலை போட்டுக் குடுத்து.

கேள்வி: கம்யூனிஸ்ட்களும் சோசியல் டெமாக்ரட்டுகளும் ஒண்ணா நின்னிருந்தா தடுத்திருக்கலாமே?

1932 நவம்பர் கணக்குப்படி ரெண்டு பேருக்கும் சேத்து 37 சதவீதம், நாஜிகள விட அதிகம். ஆனா நடுவுல ரத்தம் இருந்துச்சு. 1919 ஜனவரில சோசியல் டெமாக்ரட் அரசாங்கம் கூப்பிட்ட துணைப்படைதான் ரோசா லக்சம்பர்க்கையும் கார்ல் லீப்னெக்ட்டையும் கொன்னுது, அத கம்யூனிஸ்ட்கள் மன்னிக்கவே இல்ல. அதுக்கு மேல மாஸ்கோலேருந்து சோவியத் கட்சியோட லைன் வந்துச்சு, சோசியல் டெமாக்ரட்தான் முக்கிய எதிரி, அவங்க சமூக பாசிஸ்ட்டுன்னு. 1932 நவம்பர்ல தேர்தலுக்கு ஒட்டி பெர்லின் டிராம், பஸ் ஸ்ட்ரைக் நடந்தப்ப கம்யூனிஸ்ட்களும் நாஜிகளும் ஒரே பக்கம் நின்னாங்க. அத படிக்கும்போது நெஞ்சு அடைக்குது.

கேள்வி: 1932ல ஏதோ சிவப்பு ஃபைல் கதை சொல்றாங்களே?

நடந்ததுதான், அந்தக் காலத்து போட்டோவும் இருக்கு. அப்ப சான்சலர் பாப்பன், பிரபு வம்சத்துக்காரர், பார்லிமென்ட்ல அவருக்கு ஆதரவே கிடையாது. செப்டம்பர் 12ந்தேதி சபை கூடுது, ஒரு கம்யூனிஸ்ட் உறுப்பினர் எந்திரிச்சு நம்பிக்கையில்லா தீர்மானத்த உடனே எடுங்கன்னு கேக்கறார். யாராவது ஒருத்தர் ஆட்சேபிச்சாலே நின்னுடும், ஒருத்தரும் ஆட்சேபிக்கல. பாப்பன் கையில கலைப்பு உத்தரவு இல்ல. அரை மணி நேரம் சபைய ஒத்தி வைக்கறாங்க, அதுக்குள்ள ஆள் அனுப்பி வாங்கிட்டு சிவப்பு ஃபைலோட உள்ள வர்றார். சபைத் தலைவர் நாற்காலில கோரிங், நாஜி. பாப்பன் கைய தூக்கறார், கோரிங் வேற பக்கம் பாத்துக்கிட்டு ஓட்டெடுப்பு ஆரம்பிச்சாச்சுங்கறான். பாப்பன் காகிதத்த மேஜை மேல வச்சுட்டு மந்திரிகளோட வெளிய நடந்துட்டார். ஓட்டு எண்ணினா எதிரா 512, ஆதரவா 42. சபையும் கலைஞ்சுது.

ஆனா அதவிடப் பெரிய சேதாரம் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜூலை 20. ஜெர்மனில அஞ்சுல மூணு பங்கு மக்கள் இருந்த மாநிலம் பிரஷ்யா, அங்க சோசியல் டெமாக்ரட்டுகள் ஆட்சி, பெரிய போலீஸ் படை அவங்க கையில. ஆல்டோனாங்கற ஊர்ல நாஜி ஊர்வலத்துல கலவரமாகி 18 பேர் செத்தத சாக்கா வச்சு, பாப்பன் 48வது பிரிவுல அந்த மாநில அரசையே கலைச்சிட்டார். மாநில அரசு கலைப்புன்னா என்னன்னு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. மந்திரிங்க கோர்ட்டுக்கு போனாங்க, தெருவுக்கு வரல. ஆறு மாசம் கழிச்சு அந்த போலீஸ் படை அப்படியே கோரிங் கையில போச்சு.

கேள்வி: ஹிண்டன்பர்க் ஏன் கடைசில ஒத்துக்கிட்டார்?

1932 ஆகஸ்ட்லயும் நவம்பர்லயும் ஹிட்லருக்கு சான்சலர் பதவி தரமாட்டேன்னுதான் சொன்னார். பாப்பன் பதவி போய் ஜெனரல் ஷ்லைஹர் சான்சலரா வந்தார், பாப்பனுக்கு அதுல வஞ்சம். 1933 ஜனவரி 4ந்தேதி கொலோன் நகரத்துல ஒரு பேங்கர் வீட்டுல பாப்பனும் ஹிட்லரும் ரகசியமா சந்திச்சாங்க. அங்கேருந்து ஆரம்பிச்ச பேரம், ஹிட்லர் சான்சலர், பாப்பன் துணை சான்சலர், மந்திரிசபையில ஹிட்லரையும் சேத்து நாஜிகள் மூணே பேரு, மிச்சம் எல்லாம் நம்ம ஆளு, ரெண்டு மாசத்துல அவன ஓரங்கட்டிடலாம்னு பாப்பனோட கணக்கு. 85 வயசு ஹிண்டன்பர்க்க மகன், பாப்பன்னு சுத்தி இருந்தவங்க கரைச்சாங்க. அந்த மூணுல ஃப்ரிக் உள்துறை, கோரிங் பிரஷ்யா போலீஸ். இத ஏன் யாரும் கவனிக்கலன்னுதான் எனக்குப் புரியல.

ஒண்ணு சேத்துக்கணும். நஷ்டஈடு 1932 ஜூலைல லோசான் மாநாட்டுலயே கிட்டத்தட்ட ரத்தாயிடுச்சு, பொருளாதாரமும் அடித்தட்டுலேருந்து எழும்ப ஆரம்பிச்ச நேரம். இன்னும் ஒரு வருஷம் தாக்குப் பிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்காம இருக்க முடியல.

கேள்வி: பதவிக்கு வந்தப்புறம் சர்வாதிகாரி ஆக எவ்ளோ நாள் ஆச்சு?

முக்கியமான வேலை எல்லாம் 52 நாள்ல முடிஞ்சுது. பிப்ரவரி 27 ராத்திரி பார்லிமென்ட் கட்டடம் எரிஞ்சுது, வான் டெர் லுப்பேங்கற டச்சு இளைஞன உள்ளயே பிடிச்சாங்க. மறுநாளே 48வது பிரிவுல ஆணை, பேச்சு, பத்திரிகை, கூட்டம், தபால் ரகசியம், காரணமில்லாம கைது பண்ணக்கூடாதுங்கற உரிமை எல்லாம் போச்சு. ஆயிரக்கணக்குல கம்யூனிஸ்ட்கள உள்ள தள்ளினாங்க. அந்த நிலைமையில மார்ச் 5 தேர்தல், அப்பவும் நாஜிகளுக்கு 44 சதவீதம்தான். மார்ச் 22 டாக்காவ் வதை முகாம் திறந்தாச்சு.

மார்ச் 23, கட்டடம் எரிஞ்சு போனதால க்ரோல் ஓபரா ஹவுஸ்ல சபை. மேடைக்குப் பின்னாடி பெரிய ஸ்வஸ்திகா கொடி, நடைபாதை முழுக்க பழுப்பு சட்டை போட்ட நாஜி அடியாளுங்க, சோசியல் டெமாக்ரட்டுகள் உக்காந்த இடத்துக்குப் பின்னாடி அரை வட்டமா நிக்கறாங்க. பார்லிமென்ட் இல்லாமலே அரசாங்கம் சட்டம் போடலாம், அது சாசனத்துக்கு விரோதமா இருந்தாலும் செல்லும்னு மசோதா. மூணுல ரெண்டு பங்கு வேணும். கம்யூனிஸ்ட்கள் 81 பேர் ஜெயில்ல இல்ல தலைமறைவு. சென்டர் கட்சித் தலைவர் காஸ், பாதிரியார், அவருக்கு ஹிட்லர் எழுத்துல உத்தரவாதம் தர்றேன்னு சொல்லியிருந்தான், அந்தக் கடிதம் வரவே இல்ல, ஆனாலும் கட்சி மொத்தமும் ஆதரவா ஓட்டு போட்டுச்சு. எதிர்த்துப் பேசினது ஒரே ஒரு ஆள், சோசியல் டெமாக்ரட் தலைவர் ஓட்டோ வெல்ஸ். எங்க சுதந்திரத்தையும் உயிரையும் எடுத்துக்கலாம், மானத்த எடுக்க முடியாதுன்னார். ஹிட்லர் ஆத்திரத்தோட மறுபடி மேடை ஏறி கத்தினான். ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94ம் சோசியல் டெமாக்ரட்டுகள், வந்திருந்த ஒருத்தர் கூட மாறல.

ஜூலை 14க்குள்ள நாஜி தவிர வேற கட்சியே சட்டப்படி கிடையாது. வைமர் சாசனத்த கடைசி வரைக்கும் முறைப்படி ரத்து பண்ணவும் இல்ல, தேவைப்படல.

கேள்வி: போருக்கு அப்புறம் ஜெர்மனி எத மாத்துச்சு?

1949 சாசனத்த எழுதினவங்க இந்த அனுபவத்த வச்சே எழுதினாங்க. சான்சலர கவுக்கணும்னா அடுத்த சான்சலர அதே ஓட்டெடுப்புல தேர்ந்தெடுத்தாகணும், சும்மா கவுக்க முடியாது. ஜனாதிபதிக்கு மக்கள் நேரடி ஓட்டும் இல்ல, அவசர ஆணை அதிகாரமும் இல்ல. மனித கண்ணியம், ஜனநாயகம் மாதிரி சில அடிப்படைகள மூணுல ரெண்டு பங்கு இருந்தாலும் திருத்த முடியாது. பின்னாடி வந்த தேர்தல் சட்டப்படி 5 சதவீதம் வாங்காத கட்சிக்கு பொதுவா சீட் கிடையாது, ஜனநாயகத்த ஒழிக்க நெனைக்கற கட்சிய அரசியல் சாசன கோர்ட் தடை பண்ணலாம், 1952லயும் 1956லயும் பண்ணியிருக்காங்க.

கேள்வி: அந்த 94 பேர் என்ன ஆனாங்க?

வெல்ஸ் நாட்ட விட்டு வெளியேறி பிராக், அப்புறம் பாரிஸ், 1939 செப்டம்பர்ல அங்கயே செத்துப்போனார். பலர் முகாமுக்கு போனாங்க. குர்ட் ஷூமாகர்னு ஒருத்தர், முதல் உலகப்போர்ல ஒரு கைய இழந்தவர், கிட்டத்தட்ட பத்து வருஷம் முகாம்கள்ல இருந்து உடம்பு ஓடா தேஞ்சு வெளிய வந்தார், 1949ல புது பார்லிமென்ட் கூடினப்ப எதிர்க்கட்சித் தலைவரா உக்காந்தார்.

பெர்லின்ல ரைக்ஸ்டாக்ங்கற அந்த பார்லிமென்ட் கட்டடத்துக்கு வெளிய 96 கல் பலகைகள வரிசையா நட்டு வச்சிருக்காங்க, நாஜிகள் கையால செத்த உறுப்பினர்களுக்காக. ஒவ்வொண்ணு விளிம்புலயும் பேரு, கட்சி, செத்த தேதி, செத்த இடம். கம்யூனிஸ்ட் பேரும் சோசியல் டெமாக்ரட் பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கு.